மூன்று படி அரிசியும் ஏழு மாதமும்

எனக்குக் காக்கித் துணி என்றால் பயம். போலீஸ்காரரைப் பார்த்துப் பயப்படுவது எல்லாருக்கும் உள்ளதுதான். நான் தபால்காரரைப் பார்த்தே கொல்லைப்பக்கம் போய் நின்றுகொள்கிற ரகம். கண்டக்டர் டிக்கெட் எங்கே என்று கேட்டால், டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே 'இல்லைங்க' என்று சொல்லியிருக்கிறேன். இப்பேர்ப்பட்டவளை வைத்துத்தான் எங்கள் வீட்டார் அரிசி கடத்தினார்கள்.

இது அறுபதுகளின் நடுவில் நடந்தது. எனக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. பொன்னமராவதிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், கொஞ்சம் வயல். வீட்டில் மாமனார், மாமியார், என் வீட்டுக்காரர், இரண்டு கொழுந்தன்கள், ஒரு நாத்தனார், நான். வேடிக்கை பார்ப்பதற்கென்று எங்கள் குடும்பத்தில் யாரும் அதுவரை ஊரைத் தாண்டியதில்லை. (கோயிலுக்குப் போனது உண்டு. அது வேடிக்கையில் சேராது என்பார் மாமியார். அங்கே போய் அவர் பார்த்ததெல்லாம் வேடிக்கைதான்.) அந்த வருஷம் வெள்ளாமை சுமாராக வந்த சந்தோஷத்தில் என் வீட்டுக்காரர், மதுரையில் சித்திரைப் பொருட்காட்சிக்கு எல்லாரையும் கூட்டிப்போகிறேன் என்று வாயை விட்டுவிட்டார். அங்கே பனைமர உயரத்துக்கு ராட்டினம் சுற்றுகிறதாம். மரக்கிணற்றுக்குள் ஒருவன் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறானாம். மோட்டார் சைக்கிளை யாரும் பார்த்துக்கொள்ளட்டும், எனக்கு ராட்டினத்தில் ஏற வேண்டும்.

மாமியார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "காசு குடுத்துச் சோறு திங்கிறதா இருந்தா நான் வரல."

சோற்றை விற்பதும் பாவம், வாங்குவதும் பாவம் என்பது அவர் கட்சி. ஆகவே ஏழு பேருக்கும் இரண்டு நாள் சாப்பாடு கையோடு வர வேண்டும். எட்டாவது வரை படித்த மருமகள் இருக்கும்போது வேறு யார் திட்டம் போடுவது? நானே முந்திக்கொண்டு அடுப்படிச் சுவரில் கரித்துண்டால் எழுதினேன். முதல் நாள் காலையில் இட்லியும் நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடியும். மத்தியானம் புளிச்சோறு. சாயந்தரம் முறுக்கு. அதற்கு மேல் சித்திரை வெயிலில் எதுவும் தாங்காது என்பதால், ராத்திரிக்கும் மறுநாளைக்கும் சத்திரத்தில் அடுப்பு மூட்டிச் சுடுசோறு, கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு. சுடுசோறு என்ற இடத்தில் அடிக்கோடு வேறு போட்டேன். அந்த இடத்தில் அவல் என்று எழுதியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

சுடுசோற்றுக்கு அரிசி வேண்டும். அப்போதெல்லாம் அரிசியை ஒரு ஜில்லாவிலிருந்து இன்னொரு ஜில்லாவுக்குக் கொண்டுபோகத் தடை. எல்லையில் பஸ்ஸை நிறுத்தி மூட்டைகளைக் கம்பியால் குத்திப் பார்ப்பார்கள். எவ்வளவு இருந்தால் விடுவார்கள் என்பது ஊரில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. ஒரு படி வரைக்கும் கண்டுகொள்ள மாட்டார்கள் என்றார் ஒருவர். முந்தானையில் ஒரு பிடி முடிந்திருந்தாலும் ஸ்டேஷன்தான் என்றார் இன்னொருவர். நான் இரண்டாமவரை நம்பினேன். அவலுக்கு மாற்றிவிடலாம் என்று மெதுவாகச் சொல்லியும் பார்த்தேன். ஆனால் அதற்குள் மாமனார் சுடுசோற்றில் மனசை வைத்துவிட்டார்.

புறப்படுகிற அன்று காலையில் மாமியார் பழைய வேட்டியில் ஒரு பை தைத்து, மூன்று படி சம்பா அரிசியைக் கொட்டி வாயைத் தைத்தார். இரண்டு படியே போதும் என்றேன். "யாராச்சும் விருந்தாளி வந்துட்டா?" என்றார். சத்திரத்துக்கு யார் விருந்தாளியாக வரப்போகிறார்கள் என்று கேட்கிற துணிச்சல் எனக்கு இல்லை. பிறகு என்னை அறைக்குள் கூப்பிட்டார்.

"நீ எழுதுனதுதானே, நீயே சொமந்துக்க. வயிறு சும்மாத்தானே கெடக்கு."

அவர் குத்திப் பேசுகிறவர் அல்ல. இடம் காலியாக இருக்கிறது என்ற கணக்கில்தான் சொன்னார். அதற்காக வலிக்காமல் இல்லை. பையை என் அடிவயிற்றில் வைத்து, முதுகுப்பக்கம் இறுக்கி முடிச்சுப் போட்டு, மேலே சேலையைச் சுற்றிவிட்டு, தள்ளி நின்று பார்த்தார். "ஏழு மாசம்" என்று தீர்ப்புச் சொன்னார்.

எல்லையில் பஸ் நின்றது. நல்ல உயரமாக ஒரு கான்ஸ்டபிள் ஏறினார். எங்கள் மூட்டையைக் குத்தினார். புளிச்சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து மோந்து பார்த்தார். எனக்கு நெற்றியிலிருந்து வியர்வை தாரை தாரையாக ஊற்றுகிறது. பல் கிட்டிப்போய்விட்டது. அவர் என்னைப் பார்த்தார்.

"எத்தனை மாசம்?"

"ஏழு" என்றார் மாமியார். அதே நொடியில் "அஞ்சுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

என் மனசு அதற்குள் ஜெயிலுக்குப் போய்ச் சாப்பாட்டுத் தட்டோடு வரிசையில் நின்றுவிட்டது.

"அவனுக்கு என்னங்க தெரியும், ஆம்பளப் புள்ள" என்றார் மாமியார், அசையாமல்.

கான்ஸ்டபிள் சிரித்துவிட்டார். "பயப்படாதம்மா. தலைப்பிரசவமா? எங்கம்மாவும் இந்த பஸ்லதான் மதுரைக்கு அக்கா வீட்டுக்குப் போறாங்க. எட்டுப் பெத்தவங்க. ஒன் பக்கத்துல உக்காரச் சொல்றேன்." ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார். "அம்மா, இங்கிட்டு வாங்க. இந்தப் புள்ளையக் கொஞ்சம் பாத்துக்கங்க."

இப்படித்தான் சிவகாமியம்மா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் வாழ்க்கையில் அவ்வளவு அன்பான மனுஷியை நான் பார்த்ததில்லை. அவ்வளவு பயந்ததும் இல்லை. அவர் கை என் பக்கம் நீளும்போதெல்லாம் நான் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டேன். "புள்ள அசையுதா தாயி?" என்று கேட்டார். பஸ் பள்ளத்தில் இறங்கி ஏறியதில் அரிசி சரசரவென்று ஒருபக்கமாகச் சரிந்தது. "அசையுதுங்க" என்றேன். அந்த நாளில் நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

மதுரையில் இறங்கியதும் போய்விடுவார் என்று நினைத்தோம். "பொருட்காட்சியில கூட்டம் நெரிக்கும். இந்த நெலமையில ஒன்னைய விட்டுட்டுப் போனா எனக்குத் தூக்கம் வராது" என்று கூடவே வந்துவிட்டார். சத்திரத்துக்கும் வந்தார். நான் கை கால் கழுவப் போனால், வழுக்கிவிடும் என்று கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயும் வந்தார். பையை அவிழ்க்க வழியே இல்லை.

மத்தியானம் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம். எப்படிக் காய்ச்சிய புளிக்காய்ச்சல், வேர்க்கடலை எல்லாம் போட்டது. என் பங்கு இலையைச் சிவகாமியம்மா நகர்த்தி வைத்தார். "புளியும் எண்ணெயும் ஆகாது. நெஞ்சைக் கரிக்கும்." தன் மகளுக்குக் கொண்டுபோன தூக்கிலிருந்து கஞ்சி ஊற்றிக் கொடுத்தார், உப்புக் கம்மியாக. திட்டம் போட்டவள் கஞ்சி குடிக்க, மற்ற ஆறு பேரும் என் புளிச்சோற்றை வழித்துத் தின்றார்கள். அவரையும் கூப்பிட்டோம். "ருசியா இருக்கே, யாரு செஞ்சது?" என்று கேட்டு இன்னொரு கை வாங்கிக்கொண்டார்.

சாயந்தரம் பொருட்காட்சிக்குப் போனோம். ராட்டினம் உண்மையிலேயே பனைமர உயரம்தான். நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே வரிசையில் போய் நின்றேன். ராட்டினக்காரன் என் வயிற்றைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டி மறித்தான். சிவகாமியம்மா அவனை மெச்சிக்கொண்டு என்னை இழுத்து வந்தார். என் வீட்டுக்காரர் மட்டும் ஏறி, உச்சியிலிருந்து எனக்குக் கையாட்டினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் மேல் எனக்கு வந்த கோபங்களிலேயே பெரியது அது.

பொழுது சாய்ந்ததும் எல்லாருக்கும் பசி வந்துவிட்டது. முறுக்கு எப்போதோ தீர்ந்திருந்தது. மாமனார் என் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு வயிற்றையே பார்த்துக்கொண்டு நடந்தார். ஏழு பேருக்கான ராத்திரிச் சாப்பாடு என் இடுப்பில் முன்னால் போய்க்கொண்டிருந்தது, கேட்க முடியவில்லை. கடைசியில் அவர் ஒரு பஜ்ஜிக் கடை முன் நின்றுவிட்டார். "பஜ்ஜி சோறு இல்லையே" என்றார் மாமியாரிடம், பாவமாக. மாமியார் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தானும் கையை நீட்டினார். எனக்கு அதுவும் ஆகாது என்று சொல்லிவிட்டார்கள்.

வளையல் கடைக்கு முன்னால்தான் நான் உடைந்துபோனேன். "வளைகாப்புப் போட்டாச்சா?" என்று கேட்டார் சிவகாமியம்மா. "ஒம்பதுல போடுவோம்" என்றார் மாமியார். "ஒம்பதுல நான் எங்கிட்டு இருப்பேனோ. என் ஆசைக்கு ரெண்டு போட்டு விடுறேன்." என்னை முக்காலியில் உட்கார வைத்து, கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாக ஏற்றினார். இரண்டு என்றவர் நிறுத்தவே இல்லை. கடையில் நின்ற பெண்கள், யார் வீட்டுப் பெண்களோ, சுற்றி நின்று குலவை போட்டார்கள். ஒருத்தி என் கன்னத்தில் சந்தனம் தடவினாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மாட்டிக்கொள்வோம் என்கிற பயத்தில் அழுதேன் என்றுதான் அன்றைக்கு எல்லாரிடமும் சொன்னேன். உண்மை என்னவென்றால், காலையிலிருந்து எனக்கு எல்லாரும் இடம் கொடுத்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், முகம் பார்த்துச் சிரித்தார்கள். அது எனக்குப் பிடித்துப்போயிருந்தது. சத்திரத்துக்குப் போனதும் அதை அவிழ்த்து வைக்க வேண்டுமே என்று அழுதேன். மாமியாரும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் கேட்டதற்கு, "முடிச்சு அவுந்துருச்சோன்னு பயந்துட்டேன்" என்றார்.

பொருட்காட்சி பார்க்க வந்த சிவகாமியம்மாவின் மருமகன் அங்கேயே அவரைக் கண்டு கூட்டிப்போனார். போகும்போது சிவகாமியம்மா எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டார். மாமியார் எல்லாப் பொய்யையும் ஒழுங்காகச் சொன்னவர், இதற்கு மட்டும் பழக்கதோஷத்தில் நிஜத்தைச் சொல்லிவிட்டார்.

மறுநாள் அரிசியைச் சமைத்தோம். ஒரு பகல் முழுக்க என் வியர்வையில் ஊறிய அரிசி. உப்புப் போட வேண்டியிருக்கவில்லை என்று சின்னக் கொழுந்தன் சொன்னான். திரும்பும்போது அதே கான்ஸ்டபிள் நிற்பாரே, வயிறு எங்கே என்று கேட்டால்? எல்லாருடைய அழுக்குத் துணியையும் பைக்குள் திணித்துக் கட்டிக்கொண்டேன். அவர் பஸ்ஸில் ஏறி, நலம் விசாரித்து, எனக்கு ஓர் இளநீர் வெட்டிக் கொடுத்தார். அழுக்குத் துணி மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு அதைக் குடித்தேன்.

அதற்குப் பிறகும் எனக்குப் பிள்ளை பிறக்கவில்லை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் கடைசிவரை காத்திருப்பீர்கள்.

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் வாசலில் காக்கிச் சட்டை தெரிந்தது. நான் வழக்கம்போலக் கொல்லைக்கு ஓடினேன். பின்னாலேயே சிவகாமியம்மாவின் குரல்: "பேரப்புள்ளையப் பாக்க வந்துட்டேன் தாயி!"

நான் கிணற்றடியில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டேன். மாமியார் என்னைத் தாண்டிப்போய், பக்கத்து வீட்டு வள்ளியின் கைக்குழந்தையை வேலிக்கு மேலே வாங்கிக்கொண்டு வந்து என் மடியில் போட்டார். "எந்திரி. தூக்கிக்கிட்டு வா."

வள்ளி மகன் முருகேசன் அந்த ஏழு மாதக் கணக்குக்கு இரண்டு மாதம் பெரியவன். "என்னா வளத்தி! சம்பாச் சோத்து ஒடம்பு" என்று கொஞ்சினார் சிவகாமியம்மா. மூக்கு என் வீட்டுக்காரரை உரித்து வைத்திருக்கிறது என்றார். (வள்ளியின் புருஷன் அதைக் கேட்டுப் பல நாள் சிரித்தார். முதல் ஒரு நாள் சிரிக்கவில்லை.) வெள்ளி அரைஞாண் ஒன்றை எடுத்து அவன் இடுப்பில் கட்டினார். கான்ஸ்டபிள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து முருகேசன் பசியில் வீரிட்டான்.

"பாலுக்கு அழுவுது. குடு தாயி, நான் இருந்தா என்ன?"

செக்போஸ்டில் பயந்ததெல்லாம் ஒரு பயமா? குழந்தை என் மார்பில் முட்டுகிறான். மாமியார்தான் வாய் திறந்தார். "அவளுக்குப் பால் பத்தலைங்க. பக்கத்து வீட்டுப் பொண்ணுதான் குடுக்குது." வேலியோரம் காது கொடுத்துக்கொண்டிருந்த வள்ளி ஓடிவந்து, தன் பிள்ளையைத் தானே வாங்கிப் பால் கொடுத்தாள். ஊரார் பிள்ளைக்குப் பால் கொடுக்கிற புண்ணியவதி என்று சிவகாமியம்மா அவளுக்குத் திருஷ்டி வழித்து நெட்டி முறித்தார்.

அரைஞாணைக் கழற்றிக் கொடுக்கிறேன் என்றாள் வள்ளி, அவர்கள் போனதும். வேண்டாம் என்றுவிட்டேன். அது அவனுக்குக் கட்டினது. அன்றிலிருந்து பசி தீர்ந்ததும் அவளே அவனை வேலிக்கு மேலே என்னிடம் நீட்டுவாள். "போலீஸ்காரங்க வந்துட்டுப் போயிட்டாங்க. ஓம் புள்ளைய நீ கொஞ்ச நேரம் வச்சுக்க" என்பாள். கொஞ்ச நேரம் என்பது பெரும்பாலும் சாயந்தரம் வரை.

முருகேசன் கல்யாணத்தில், பெற்றவர்களுக்குப் பாதபூஜை செய்ய மேடைக்குக் கூப்பிட்டார்கள். நான் பந்தி நடக்கிற பக்கம் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். வள்ளி வந்து என் கையிலிருந்த வாளியைப் பிடுங்கிக் கீழே வைத்து, மேடைப்பக்கம் கையைக் காட்டினாள். பெண் வீட்டுக்காரர்கள், இது யாரு, எந்த முறையில் வருகிறார் என்று விசாரித்தார்கள்.

"பெத்தது நானு. போலீசுக்குக் கணக்குக் காட்டுனது இவதான்" என்றாள் வள்ளி.

பந்தல் முழுக்கச் சிரித்தது. பெண் வீட்டாருக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. முருகேசன் மேடையிலிருந்தே, "ஆத்தா, நேரமாகுது, வாங்க" என்று கூப்பிட்டான். நான் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போய் வள்ளிக்குப் பக்கத்தில் நின்றேன்.