எட்டாயிரத்து எழுநூற்று அறுபது மணி

கடல் முடிந்து உப்பளம் தொடங்குகிற இடத்தில் கண்டாமணி நாடு இருந்தது. அங்கே கோபுரத்து மணி ஒரு மணிக்கு ஒரு தடவை அடிக்கும். பகலிலும் அடிக்கும், இரவிலும் அடிக்கும். உழைப்பவர்களுக்குக் கூலியும் மணிக்கணக்குத்தான். உப்பளத்தில் ஒரு மணி நேரம் நின்றால் நாற்பது காசு. மணி அடித்ததும் கங்காணி ஒரு தகரவில்லை கொடுப்பான். மாலையில் வில்லைகளைக் கொட்டிக் காசு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். வருட வருமானம் என்று ஒன்று இருப்பதே அங்கே யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடித்துக் கொடுத்த பாவி நான். அரண்மனைக் கணக்கராக அப்போது எனக்குப் பதினெட்டு வருட சர்வீஸ்.

அந்த நாட்டில் மன்னரையும் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுப்பார்கள். "லட்சத்துக்குக் குறைந்து சம்பாதிக்கும் குடிமகன் ஒருவன்கூட இருக்க மாட்டான்" என்று வாக்குக் கொடுத்து ஜெயித்தவர் மகாகண்டர். ஐந்து வருடப் பதவியில் நாலரை வருடம் ஓடிவிட்டது. அமைச்சர் நெடுமொழியார் என்னைக் கூப்பிட்டார்.

"கணக்கரே, கூலியை ஒரு காசுகூட உயர்த்தக் கூடாது. கருவூலமும் குறையக் கூடாது. ஆனால் வருமானம் லட்சத்தைத் தாண்ட வேண்டும். இதுதான் மன்னரின் தொலைநோக்கு."

முதலில் நான் ஒழுங்காகத்தான் கணக்குப் போட்டேன். நாளைக்கு எட்டு மணி நேரம். மழைக்காலத்தில் உப்பு விளையாது என்பதால் வருடத்துக்கு இருநூற்றைம்பது நாள். எண்பதாயிரம் வந்தது. அமைச்சரின் முகம் சுருங்கியது. மேலதிகாரியின் முகம் சுருங்கினால் நான் உடனே வேறு கணக்குத் தேடுவேன். பதினெட்டு வருடப் பழக்கம்.

"மணி இரவிலும் அடிக்கிறதே ஐயா," என்றேன். "அதையும் சேர்த்துக்கொண்டால்?"

வருடத்துக்கு எட்டாயிரத்து எழுநூற்று அறுபது மணி. நாற்பதால் பெருக்கினால் மூன்று லட்சத்து ஐம்பதாயிரத்து நானூறு. அமைச்சர் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வருட வருமானம் எழுதிய போர்டு தொங்க வேண்டும் என்று முதல் ஆணை வந்தது. மக்கள் சந்தோஷப்பட்டார்கள், அதையும் சொல்லியாக வேண்டும். தெருவில் லட்டு கொடுத்தார்கள், நானும் வாங்கித் தின்றேன். அடுத்த மாதம், போர்டில் உள்ள தொகையில் பத்தில் ஒரு பங்கு வரி என்று இரண்டாவது ஆணை வந்தது. எண்பதாயிரம் கூலியில் முப்பத்தைந்தாயிரத்து நாற்பதை முன்கூட்டியே பிடித்துக்கொண்டார்கள். மிச்சம் நாற்பத்து நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது. முணுமுணுப்பு கிளம்பியதும் மூன்றாவது ஆணை. கையில் எவ்வளவு வருகிறது என்று பேசுவது நாட்டை இழிவுபடுத்தும் குற்றம்.

அரண்மனை ஊழியர்களுக்கு மட்டும் கையில் வருவதே வருட வருமானம் என்று முதல் ஆணையின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வாக்கியம் இருக்கும். அதை எழுதியதும் நான்தான். எனக்குத் தொண்ணூற்றாறாயிரம் வந்தது.

ஒரு நாள் காலை பொன்னுக்கிளி என்ற உப்பளக்காரி, தன் புருஷன் சங்கிலியின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். உப்பு வெளிச்சத்தில் இருபது வருடம் நின்றதில் அவனுக்கு இரண்டு கண்ணிலும் புரை. லட்சத்துக்குக் குறைந்த வருமானக்காரர்களுக்கு அரண்மனை ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் இலவசம். மற்றவர்களுக்கு ஐம்பதாயிரம்.

"ஏழைச் சீட்டு ஒண்ணு எழுதித் தாங்கய்யா," என்றாள். "மழைக்கு முன்னால அறுக்கலைன்னா பார்வை திரும்பாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இவரு வேலைக்குப் போயி ஒரு வருசம் ஆச்சு. நான் ஒருத்திதான் உப்பு வாருதேன்."

"உன் போர்டில் மூன்றரை லட்சம் இருக்கேம்மா. வீட்டில் எல்லோருக்கும் அந்த ஒரே கணக்குதான்."

"கைக்கு வாரது..." என்று ஆரம்பித்தவள் காவலனைப் பார்த்துக் குரலைத் தணித்தாள். "நான் தூங்குன மணியையும்லா சேர்த்து எழுதியிருக்கீய. தூங்குனதுக்கு எனக்கு யாருய்யா வில்லை தந்தா?"

நாடு முழுக்கப் படித்தவர்கள் நிறைய பேர் இருந்தார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டவள் இவள் ஒருத்திதான்.

"சட்டம் அப்படிம்மா," என்றேன். யார் போட்ட கணக்கு என்று சொல்லவில்லை.

சங்கிலி அவள் தோளைத் தொட்டு, "விடு கிளி, அவுக என்ன செய்வாக," என்றான். எனக்காக அவன் பரிந்து பேசியதை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அந்த வருடம் இலவச ஆபரேஷனுக்குத் தேறியவர்கள் இரண்டே பேர். மன்னர் ஒரு மணி நேரம்கூடக் கூலிக்கு நின்றதில்லை. அதனால் அவருடைய வருமானம் சைபர். நாட்டின் முதல் ஏழை என்று, அவருடைய கண் புரைக்கு நானே சீட்டு எழுதினேன். இரண்டாவது சீட்டை அமைச்சர் எனக்குப் பரிசாகக் கொடுத்தார். எனக்கும் இடது கண்ணில் லேசாகப் புரை இருந்தது. அவசரம் ஒன்றுமில்லை, இரண்டு வருடம் தாங்கும். இருந்தாலும் போய்ப் படுத்துக்கொண்டேன்.

கட்டுப் பிரித்த அன்று மன்னர் ஜன்னல் வழியே ஊரைப் பார்த்து உரையாற்றினார்.

"இப்போதுதான் எமக்கு எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. எம் நாட்டில் எம்மைத் தவிர ஏழையே இல்லை."

பக்கத்துக் கட்டிலில் இருந்து நான் கை தட்டினேன்.

தேர்தல் வந்தது. எதிர்த்து நின்றவர், தான் வந்தால் வருடத்துக்குப் பத்தாயிரம் மணி என்றார். மகாகண்டர் பன்னிரண்டாயிரம் என்றார், ஜெயித்தார்.

மழை முடிந்ததும் போர்டுகளில் புதுத் தொகை எழுதக் கிளம்பினேன். பொன்னுக்கிளி வேலைக்குப் போயிருந்தாள். சங்கிலி வாசலில் உட்கார்ந்திருந்தான். என் காலடி கேட்டு நிமிர்ந்தான், முகம் வேறு பக்கம் திரும்பியிருந்தது.

"யாரு?"

"கணக்கர்."

"வாங்கய்யா. மழையில போர்டு அழிஞ்சிருக்கும், எழுதிட்டுப் போங்க."

எழுதினேன்.

"எவ்வளவுன்னு வாசிங்கய்யா, கேப்போம்."

"நான்கு லட்சத்து எண்பதாயிரம்."

"அம்புட்டா!" என்று சிரித்தான். தடவிக்கொண்டே வந்து போர்டைத் தொட்டான். ஈரப் பெயின்ட் விரலில் ஒட்டியது.

"எழுத்து நல்லாத் தெரியுதாய்யா?"

தெரிகிறது என்றேன். இடது கண்ணை மட்டும் திறந்து பார்த்தாலும் தெரிந்தது.