தண்டவாளத்துத் தாமரையின் மீதிப் படம்

அலுவிகாரை,
மாத்தளை.
12.8.1976

கொழும்பில் படக் கம்பெனியில் பெரிய உத்தியோகம் பார்க்கும் மச்சினர் பழனிமுத்துவுக்கு, உன் அக்கா புருஷன் மாணிக்கவாசகம் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் உன் அக்கா நல்லம்மாவும் சுகம். அப்படி எழுதாவிட்டால் கடிதம் ஆகாது என்பதால் எழுதினேன். உண்மையில் உன் அக்கா என்னோடு பேசி மூன்று வாரம் ஆகிறது. சோறு வருகிறது, குழம்பு வருகிறது, பேச்சு மட்டும் வருவதில்லை. இதற்குக் காரணம் நீயும் உன் கம்பெனியும்.

போன மாதம் நீங்கள் மாத்தளைத் தியேட்டருக்கு அனுப்பிய படத்தைத்தான் சொல்கிறேன். முப்பது வருடம் தேயிலைத் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்ற மனுஷன் இந்தக் கூத்துக்கெல்லாம் போவேனா? தோட்டமே லொறி பிடித்துக் கிளம்பியதால் உன் அக்காவுக்குத் துணையாகப் போனேன். படத்தில் கதாநாயகன் வேலைவெட்டி இல்லாதவன், ஆனால் தினம் ஒரு கோட்டு. அவன் கதாநாயகியைக் கூட்டிக்கொண்டு படம் பார்க்கப் போகிறான். நாம் காசு கொடுத்துப் போனது படம் பார்க்க. அங்கே அவன் உட்கார்ந்து படம் பார்ப்பதை நாம் பார்க்க வேண்டுமாம். சரி, தொலையட்டும். அவர்கள் பார்க்கிற படத்துக்கு ‘தண்டவாளத்துத் தாமரை’ என்று பெயர். அதில் ஒரு தாய் பிள்ளையை ரயிலில் உட்காரவைத்துவிட்டுச் செம்பில் தண்ணீர் பிடிக்க இறங்குகிறாள். ரயில் நகர்ந்துவிடுகிறது. ஜன்னலில் பிள்ளையின் கை தெரிகிறது, தாய் ஓடுகிறாள், செம்பு உருள்கிறது. அந்த நேரம் பார்த்து நம்ம கோட்டுக்காரனை அடிக்க நாலு தடியன்கள் வருகிறார்கள். சண்டையில் திரை கிழிகிறது. அடுத்த நிமிடம் கதாநாயகனும் கதாநாயகியும் பூந்தோட்டத்தில் பாடுகிறார்கள். பிள்ளை என்ன ஆனது என்று அந்த ஜென்மங்களில் ஒன்றாவது கேட்டதா? கேட்கவில்லை. மூன்று நிமிடத்துக்கு ஒரு ரயில், ஒரு தாய், ஒரு பிள்ளை என்று பிடித்துவந்து அம்போவென்று விட்டுவிட்டுப் போவதற்கு உங்களுக்கெல்லாம் எப்படி மனம் வருகிறதோ.

லொறியில் திரும்பும்போது உன் அக்கா மெதுவாகக் கேட்டாள்: “ஏங்க, அந்தப் புள்ள கெடைச்சிருக்குமா?”

எனக்கு இருந்த எரிச்சலில், “படம் எடுத்தவனே விட்டுட்டுப் போயிட்டான், இனி எங்க கெடைக்கப் போகுது” என்று சொன்னேன். உள்ளதைத்தானே சொன்னேன். அன்றைக்கு மூடிய வாய். எங்கள் மகள் சந்திரகாந்தா புருஷனோடு இந்தியாவுக்குப் போய் பதினைந்து மாதமாகிறது, போய்ச் சேர்ந்து ஒரு கடிதம் போட்டாள், பிறகு பதினாலு மாதமாக ஒன்றுமில்லை என்பது உனக்குத் தெரியும். அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. உன் அக்காதான் முடிச்சுப் போடுகிறாள்.

பிறகு நானே விட்டுக்கொடுத்து, அந்தப் பிள்ளையின் கதைக்கு ஒரு முடிவு சொல்லிப் பார்த்தேன். ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த ஸ்டேஷனுக்குத் தந்தி அடித்தார், பிள்ளையை இறக்கி வைத்தார்கள் என்று ஆரம்பித்தேன். அதுவரை நன்றாகத்தான் போனது. ஆனால் சும்மா தூக்கிக் கொடுத்துவிட முடியுமா? தாய் என்பதற்கு அத்தாட்சி வேண்டும், பிறப்புச் சாட்சிப் பத்திரம் வேண்டும், அதை மூன்று பிரதி எடுத்து அரசாங்கக் கச்சேரிக்கு அனுப்ப வேண்டும், அங்கே கிளார்க் லீவு. முப்பது வருடம் படிவம் நிரப்பிய கை, வேறு என்ன கதை சொல்லும்? நான் சொல்லி முடிக்கும்போது பிள்ளை கச்சேரி பெஞ்சில் உட்கார்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. உன் அக்கா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இதற்கிடையில் கொழுந்து பறிக்கிற காத்தாயி பெண்களைத் திரட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். கடைக்கு வருகிற மாவு பாதி வழியில் மறைவது போல, மீதிப் படத்தையும் யாரோ மறைத்துவிட்டார்களாம். தியேட்டருக்குப் பெட்டிசம் எழுத வேண்டுமாம். இந்தத் தோட்டத்தில் கூரை ஒழுகினாலும் பெட்டிசம், குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் பெட்டிசம், எல்லாம் என் கையெழுத்தில்தான். ‘தண்டவாளத்துத் தாமரை என்னும் படத்தை மறைக்காமல் முழுவதும் காட்டும்படி மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்’ என்று எழுதி, நாற்பத்து மூன்று கைநாட்டோடு நானும் காத்தாயியும் மனேஜர் யாகூப்பிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

அவர் மரியாதையான மனிதர். சிரிப்பை அடக்கிக்கொண்டு, “ஐயா, அப்படி ஒரு படமே இல்ல. இந்தப் படத்துக்காக எடுத்த துண்டு, அவ்வளவுதான்” என்றார்.

காத்தாயி விடவில்லை. “படம் இல்லன்னா ஏன் தொரே பேரு வச்சாங்க? பேரு வச்சிருக்காங்கன்னா எங்கயாச்சும் இருக்கத்தான் செய்யும்.”

யாகூப் பெட்டிசத்தை மடித்து மேசைக்குள் வைத்தார். இந்தக் கேள்விக்கு உன் கம்பெனிதான் பதில் சொல்ல வேண்டும். இல்லாத படத்துக்குப் பெயர் வைத்து, இல்லாத பிள்ளைக்காக இருக்கிற ஜனங்களை அழவைக்கிற உங்கள் பிழைப்பும் ஒரு பிழைப்பு. இனிமேல் மாத்தளைக்குப் படம் அனுப்பினால் சாமி படமாகப் பார்த்து அனுப்பு. அதில் யாரும் ரயிலில் போவதில்லை.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசி. மாத்தளை முத்துமாரி உன்னைக் காப்பாற்றட்டும், கூடவே கொஞ்சம் புத்தியும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
மா. மாணிக்கவாசகம்
(ஓய்வு பெற்ற கணக்குப்பிள்ளை)

பி.கு.: மச்சான், மேலே எழுதியதை மனதில் வைத்துக்கொள்ளாதே. இன்றைக்கும் தபால்காரன் ஒன்றும் கொண்டுவரவில்லை. பல் டாக்டரிடம் போகிறேன் என்று சொல்லிவிட்டு அந்தப் படத்துக்கு நான் இன்னும் நாலு தடவை மெட்னி ஷோ போனேன். ரயில் போனதும் எழுந்து வந்துவிடுவேன். சந்திரகாந்தா கிளம்பிய அன்று மாத்தளை ஸ்டேஷனில் அவளுக்குச் சோடா வாங்கப் போனவன் நான்தான். திரும்பி வரும்போது ரயில் நகர்ந்துவிட்டது, போத்தலோடு நின்றேன். படத்தில் அந்தத் தாய்க்குப் பின்னால், பிளாட்பாரக் கோடியில், வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் அவள் பக்கம் திரும்புகிறான். நாலாவது தடவைதான் கவனித்தேன். அவன் தந்தி அடிக்கத்தான் போகிறான் என்று நினைக்கிறேன். கம்பெனியில் விசாரித்துப் பார். படம் இல்லவே இல்லை என்றால், பிள்ளை தாயிடம் வந்து சேர்ந்துவிட்டது என்று கம்பெனித் தாளில் இரண்டு வரி எழுதி அனுப்பு. ஊருக்கெல்லாம் பெட்டிசம் எழுதினேன், எனக்கென்று எழுதுவது இதுதான் முதல் தடவை. சீல் குத்த மறக்காதே. சீல் இல்லாவிட்டாலும் உன் அக்கா நம்பிவிடுவாள். எனக்கு சீல் வேண்டும்.