பதினோராவது டெஸ்ட் டிரைவ்

"வாசல்ல நிக்குதே, அது யாரு வண்டி?"

மனைவி கேட்டது சின்னக் கேள்விதான். மாஸ்டருக்குத்தான் பதில் தேட வேண்டியிருந்தது.

அவருடைய திட்டத்தில் இந்தக் கேள்விக்கு இடமே கிடையாது. வண்டியைப் பக்கத்துத் தெருவில் நிறுத்திவிட்டு, ஒன்றும் அறியாதவர் போல வீட்டுக்கு நடந்து வருவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் குழாய் போடுகிறேன் என்று பக்கத்துத் தெருவை நேற்றே பிளந்து போட்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் அந்தக் கருஞ்சிவப்பு ஹேட்ச்பேக், பெண் பார்க்க வந்தவன் போலக் குளித்துத் தலைவாரிக்கொண்டு, அவர் வீட்டு வாசலிலேயே நின்றது.

"ஸ்டூடண்டோடது" என்றார்.

"எந்த ஸ்டூடண்ட்?"

"புதுசு. உனக்குத் தெரியாது."

"அவர் வண்டிய அவர் வச்சுக்காம உங்ககிட்ட ஏன் குடுத்தாரு?"

"ஓட்டத் தெரியாதவர்கிட்ட வண்டி எதுக்கும்மா?"

பதில் நன்றாக வந்துவிட்டதாக மாஸ்டர் நினைத்தார். மனைவி துண்டை உதறிக் கொடியில் போட்டாள். உதறலில் தேவைக்கு மேல் கொஞ்சம் சத்தம் இருந்தது.

மாஸ்டர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். இருபத்தாறு வருடங்களாக, ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தே ஊரைச் சுற்றியவர். அந்த இருக்கைக்குக் கீழே தனியாக ஒரு பிரேக் உண்டு. மாஸ்டரின் வலது கால் வாழ்ந்தது முழுக்க அதன் மேல்தான். மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் அவரை பிரேக் மாஸ்டர் என்பார்கள். வீட்டில் டிவியில் கார் துரத்தல் வந்தால்கூட அந்தக் கால் தானாகத் தரையை மிதிக்கும். சோபாவுக்கு முன்னால் விரிப்பு அந்த ஒரு இடத்தில் மட்டும் நூல் நூலாகப் பிரிந்திருந்தது.

நாற்பதுக்கு மேல் வேகமுள் ஏறாத அந்த மனிதருக்கு, ஐம்பத்தெட்டாவது வயதில் ஆசை வந்து தொலைத்தது. பார்ப்பதற்குச் சின்ன வண்டி. பின்கதவு மேல்நோக்கித் திறக்கும், உள்ளே நாலு பேர் உட்காரலாம். ஆனால் எஞ்சின் மட்டும் பெரிய இடத்துப் பிள்ளை. நிற்கிற நிலையிலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு ஏழு விநாடி. முதல் டெஸ்ட் டிரைவில் இரண்டாவது கியரில் அது முதுகில் கைவைத்துத் தள்ளியபோது மாஸ்டர் "ஐயோ" என்றார். அது பயத்தில் வந்த ஐயோ அல்ல என்பது அவருக்கே புதிய செய்தி.

அப்புறம் என்ன, வாங்கிவிட வேண்டியதுதானே? அங்கேதான் மாஸ்டரைத் தெரியாதவர்கள் தவறு செய்கிறார்கள்.

அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. நடுவில் கோடு. ஒரு பக்கம் 'வேண்டும்', மறுபக்கம் 'வேண்டாம்'. நாலு மாதத்தில் இரண்டு பக்கமும் நாற்பத்து மூன்றுக்கு நாற்பத்து மூன்று. ஒரு பக்கம் ஒன்று கூடினால் மாஸ்டர் பதறிப்போய் மறுபக்கத்துக்கு ஒன்று தேடிவிடுவார். நாற்பத்து மூன்றாவது 'வேண்டாம்' இது: 'டிக்கியில் சக்கர நாற்காலி வைக்க இடமில்லை.' வீட்டில் யாருக்கும் சக்கர நாற்காலி தேவைப்படவில்லை. பிறகு தேவைப்பட்டால்?

இதற்கு மாஸ்டர் வைத்திருந்த பெயர் 'தீர ஆலோசிப்பது'. தெருமுனையில் வெயில் விழும் ஜன்னல்களோடு ஒரு வீடு விலைக்கு வந்தது. இரண்டு வருடம் தீர ஆலோசித்தார். இப்போது அங்கே பல் டாக்டர் போர்டு தொங்குகிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் மாஸ்டர் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நடப்பார். கை நழுவாமல் தங்கியது கல்யாணம் ஒன்றுதான். அதிலும் அவர் பங்கு குறைவு. "இன்னும் எத்தனை நாள் யோசிப்பீங்க? நான் தேதி குறிச்சுட்டேன், வந்து சேருங்க" என்று அவள்தான் சொன்னாள். அவர் வந்து சேர்ந்தார்.

இந்த விஷயத்தில் ஷோரூம்காரர்கள் தங்கமானவர்கள் என்றே சொல்ல வேண்டும். முதல் இரண்டு தடவை, பக்கவாட்டில் ஷோரூம் பெயர் ஒட்டிய வெள்ளை வண்டியைத் தந்தார்கள். மூன்றாவது தடவையிலிருந்து இந்தச் சிவப்பு. "வெள்ளை சர்வீஸுக்குப் போயிருக்கு சார்" என்றார் விற்பனையாளர். நாற்பது வயது, கழுத்தை இறுக்கும் டை. மாஸ்டர் மனதுக்குள் அவருக்கு டைக்காரர் என்று பெயர். போன வெள்ளை திரும்பவே இல்லை. டைக்காரரும் வாங்குங்கள் என்று ஒரு தடவை கூட வற்புறுத்தவில்லை. சிரித்துக்கொண்டே சாவியை நீட்டுவார். ஆளைப் பார்த்ததும் மரியாதை தானாக வருகிறது என்று மாஸ்டர் எடுத்துக்கொண்டார்.

இன்று காலை, பதினோராவது டெஸ்ட் டிரைவுக்குப் போனபோதுதான் டைக்காரர் முதல்முறையாக அவசரப்படுத்தினார். "சார், இன்னிக்கு ராத்திரி வண்டி உங்க வீட்லயே இருக்கட்டும். ஆனா நாளைக்குள்ள ஒரு பதில் சொல்லிடுங்க. மாடல் நின்னுபோச்சு. நாளைக்கப்புறம் இந்த வண்டி இங்க இருக்காது."

மாஸ்டருக்கு உடனே பல் டாக்டர் போர்டு கண்ணில் தெரிந்தது.

"ஏங்க" என்று மனைவி சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். "அந்த ஸ்டூடண்ட டீக்கு வரச் சொல்லுங்க. புது வண்டிய நம்பிக் குடுத்திருக்காரு. நல்ல மனுஷனாத்தான் இருக்கணும்."

"அவர் பிஸியான ஆளு."

"வண்டி ஓட்டக் கத்துக்க நேரம் இருக்குல்ல? டீ குடிக்கவா நேரம் இருக்காது?"

மாஸ்டர் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, டைக்காரருக்கு போன் போட்டார்.

"ஒரு சின்ன உதவி. அரை மணி நேரம் என் ஸ்டூடண்டா இருக்கணும்."

 மறுமுனையில் இருமல் மாதிரி ஏதோ கேட்டது.

"மேடம் இருப்பாங்களா சார்?"

"அவளுக்காகத்தானேய்யா இந்தக் கூத்தே!"

"அப்ப கண்டிப்பா வர்றேன் சார்."

மாஸ்டர் நன்றியில் நெகிழ்ந்தார்.

டைக்காரர் வந்து சேர்ந்தபோது டையோடுதான் வந்தார். மனைவி டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்து, எதிரே உட்கார்ந்தாள். போன வருடம்தான் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவள். 'மூச்ச இழுத்துப் பிடிங்க' என்று சொல்லிவிட்டு உள்ளே இருப்பதைப் பார்க்கும் வேலை. அந்தப் பார்வை மட்டும் ஓய்வு பெறவில்லை.

"வண்டி வாங்கி எத்தனை நாளாச்சுங்க?"

"மூணு மாசம் மேடம்."

"நல்லாப் போகுமா?"

மாஸ்டர் கண்ணைக் காட்டினார். பலனில்லை. தொழில் முந்திக்கொண்டது.

"என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க! ஏழு செகண்ட்ல நூறு! வளைவுல ரோட்டக் கட்டிப் பிடிச்சுக்கும். பின்சீட்ட மடிச்சா டிக்கி டபுள் ஆகும், ஒரு சக்கர நாற்காலியே வைக்கலாம்..."

மாஸ்டர் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தார். இருபத்தாறு வருடப் பழக்கத்தில் வலுவாகவே மிதித்தார். டைக்காரர் பேச்சு நின்றது.

"இவ்வளவு தெரிஞ்சவருக்கு ஓட்டத் தெரியாதா?" என்றாள் மனைவி.

"தியரி மட்டும்தான் மேடம்."

சக்கர நாற்காலி பற்றி இந்த ஆளுக்கு எப்படித் தெரியும் என்று மாஸ்டருக்கு ஒரு கணம் தோன்றியது. நோட்டை அவர் யாரிடமும் காட்டியதில்லை. பீரோவில் துணிகளுக்கு அடியில்தான் வைத்திருந்தார். அதற்கு மேல் யோசிக்க மனைவி விடவில்லை.

"இத்தனை வருஷத்துல நீங்க சொல்லிக் குடுக்கறத நான் பாத்ததே இல்ல. வாங்க, இன்னிக்குப் பாக்கறேன். நான் பின்னாடி உட்காந்துக்கறேன்."

"இப்பவா? அவரு களைப்பா..."

"எனக்குக் களைப்பே இல்ல மாஸ்டர்" என்றார் டைக்காரர், பிஸ்கட்டை முடித்துக்கொண்டு.

டிரைவிங் ஸ்கூலின் பழைய வண்டியிலிருந்து எல் போர்டைக் கழற்றி, ஏழு விநாடியில் நூறு போகிற வண்டிக்கு மாஸ்டர் தன் கையாலேயே கட்டினார். பட்டத்து யானைக்குக் கழுத்தில் தகர மணி கட்டுகிற மாதிரி இருந்தது அவருக்கு.

டைக்காரர் ஓட்டுநர் இருக்கையில், மாஸ்டர் பக்கத்தில், கைப்பையோடு மனைவி பின்னால்.

"சார், கிளட்ச்ங்கறது எதுங்க?"

நடிப்புக்கும் ஒரு அளவு வேண்டாமா? வண்டி இரண்டு தடவை குலுங்கி அணைந்தது. மூன்றாவது தடவை தவளை போல எகிறி, தெருவில் இறங்கியது. மாஸ்டரின் வலது கால் பிரேக்கைத் தேடியது. இந்த வண்டியில் அந்தப் பக்கம் பிரேக் ஏது? வெறும் தரையை மிதித்து மிதித்துக் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது.

பெரிய சாலைக்கு வந்தார்கள். டைக்காரர் பதினைந்து கிலோமீட்டரைத் தாண்டவில்லை. பின்னால் ஹாரன்கள் கச்சேரி நடத்தின. பால் வண்டி ஒன்று முந்திப்போனது. அதன் பின்னால் வந்த சைக்கிள்காரர் உள்ளே எட்டிப் பார்த்து, அனுதாபத்தோடு தலையை ஆட்டிவிட்டு அவரும் முந்திப்போனார்.

"கொஞ்சம் வேகமாப் போகச் சொல்லுங்களேன்" என்றாள் மனைவி. "பாவம் இந்த வண்டி."

அந்தப் 'பாவம்' மாஸ்டரை எங்கேயோ தைத்தது. மிதிபடாத எஞ்சின் முன்னால் முனகிக்கொண்டிருந்தது. பல வருடமாக அவருக்குள்ளும் ஏதோ ஒன்று இப்படித்தான் முனகிக்கொண்டிருந்தது.

"மூணாவது போடுய்யா!" என்று அவர் கத்தினார். "பிரேக்லேருந்து கால எடு! அது ஓடறதுக்குன்னு செஞ்ச வண்டிய்யா!"

பின்சீட்டில் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். மாஸ்டர் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்ததை அவள் இதற்கு முன் கேட்டதில்லை.

அந்த நேரம் பார்த்து முன்னால் ஒரு வெள்ளைக் கையுறை உயர்ந்தது. டிராபிக் போலீஸ் பெண்மணி ஒருத்தி வண்டியை ஓரம் கட்டச் சொன்னாள். குனிந்து பார்த்தவள் முகம் மலர்ந்தாள்.

"மாஸ்டர், நீங்களா! என்னைத் தெரியுதா? எட்டு வருஷம் முன்னாடி உங்ககிட்டதான் கத்துக்கிட்டேன். ஒரு பாடத்துல அறுபது தடவ பிரேக் போட்டீங்க!"

"தெரியுதும்மா, தெரியுது."

"மெதுவாப் போனதுக்காக ஒரு வண்டிய நிறுத்தறது இன்னிக்குத்தான் மாஸ்டர் எனக்கு முதல் தடவ. சார், லைசென்ஸ் குடுங்க."

டைக்காரர் பழக்க தோஷத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டார். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இருபது வருஷ லைசென்ஸ் வச்சிருக்கீங்க, எல் போர்டு போட்டுக்கிட்டு என்ன பண்றீங்க?"

"மறந்துபோச்சு... அதான் மறுபடியும்..." என்று மாஸ்டர் இழுத்தார்.

"சரி, வண்டி யாரோடது?"

"இவரோடது" என்றார் மாஸ்டர்.

"என்னோடது இல்லீங்க மேடம்" என்றார் டைக்காரர். சீருடையைப் பார்த்ததும் நடிப்பு இறங்கிவிட்டது.

அவள் முகத்திலிருந்த மாணவி போய், போலீஸ் வந்து உட்கார்ந்தது. "ஓட்டறவரோடதும் இல்ல. அப்ப யாரோடது மாஸ்டர்?"

ஹாரன்கள். வெயில். பின்னால் மனைவியின் மூச்சு. மாஸ்டர் வலது காலால் ஒருமுறை தரையை மிதித்தார். பிறகு காலை எடுத்துவிட்டார்.

"எல்லாம் பொய்ம்மா. இவர் ஷோரூம்காரர். இது டெஸ்ட் டிரைவ் வண்டி. மூணு மாசமா நான் இதத்தான் ஓட்டிக்கிட்டிருக்கேன்." அவர் பின்பக்கம் திரும்பி, அவளிடமே சொன்னார். "உன்கிட்ட சொல்ல பயம். நாப்பத்து மூணு காரணம் வேணாங்குது. ஆனா எனக்கு இது வேணும்மா. அந்தத் தெருமுன வீட்ட விட்ட மாதிரி இத விட மாட்டேன். நாளைக்கு இல்ல, இன்னிக்கே வாங்கப்போறேன். நீ என்ன சொன்னாலும் சரி."



மனைவி அவரையே பார்த்தாள். ஓய்வுப் பணத்தை எங்கே போட்டிருக்கிறாய் என்று அவர் கேட்டபோதும் இப்படித்தான் பார்த்தாள். 'பத்திரமா இருக்கு, உங்க கண்ணுக்கு எதிர்லயேதான்' என்றாள் அன்று. 'இன்சூரன்ஸ்' என்று சொல்லி நாலு தாள்களை அவர் முன் வைத்தபோதும் இதே பார்வைதான். அவள் காட்டிய இடத்தில் அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். அவள் காட்டும் இடத்தில் மட்டும் அவர் எதையும் ஆலோசித்ததில்லை.

இப்போது முந்தானையால் கண்ணோரத்தை ஒற்றிக்கொண்டாள். ஆனால் வாயோரம் சிரித்தது. கைப்பையைத் திறந்து, ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினாள்.

"இந்தாம்மா, வண்டி புக்கு."

டைக்காரர் டையைத் தளர்த்திக்கொண்டு, கடவுளே என்று பெருமூச்சு விட்டார்.

போலீஸ்காரப் பெண் உறையைப் பிரித்தாள். படித்தாள். மாஸ்டரைப் பார்த்தாள். மறுபடி படித்தாள்.

"என்ன மாஸ்டர் இது, ஓனர்னு உங்க பேருல்ல போட்டிருக்கு! சொந்த வண்டியவா மூணு மாசமா டெஸ்ட் டிரைவ் பண்ணிக்கிட்டிருக்கீங்க?"