வேப்பமரத்தில் தொங்கிய கை

இராயபுரத்தில் ஒரு கோயிலில் என் வலது கைக்கு இன்றும் பூசை நடக்கிறது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. வேறு வழியின்றி ஒப்புக்கொள்கிறேன். எதையும் உள்ளது உள்ளபடி சொல்ல வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கு உண்டு. அந்தப் பிடிவாதம் வேண்டியிருந்த ஒரே ஒரு காலை வேளையில் அதை நான் வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டுப் போனேன்.

அப்போது இண்டர்மீடியட் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். மார்கழிப் பனி தொடங்கினால் போதும், மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை என் இரு கைகளும் வறண்டு வெளுத்துச் செதில் செதிலாக உதிரும். செய்யுளைப் படியெடுக்கும்போது தாளின் மேல் துகள்கள் விழும். ஊதிவிட்டு அடுத்த அடிக்குப் போவேன். (முற்றுப்புள்ளிகளை மட்டும் தாராளமாக இடுகிறேன் என்று நினைத்த ஆசிரியை ஒருவர் உண்டு.) பக்கத்து மாணவி தன் நாற்காலியை நகர்த்திக்கொண்டாள். கல்லூரி முதல்வர் என்னை அழைத்து, கைகள் குணமாகிவிட்டன என்று மருத்துவரின் கடிதம் கொண்டு வந்தால்தான் திங்கட்கிழமை தேர்வுக் கூடத்துக்குள் வரலாம் என்றார். அதற்குப் பத்து நாட்களே இருந்தன. தேர்வு தவறினால் ஓராண்டு போய்விடும்; இன்னோர் ஆண்டு என்னைப் படிக்க வைக்கும் வசதி எங்கள் வீட்டில் இல்லை.

என் அண்ணன் தாமோதரன் டோல்கேட்டில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டர். ஜெலட்டின், கிளிசரின், துத்தநாகப் பொடி மூன்றையும் வெந்நீரில் உருக்கிப் பூசினால் ஏழே நாளில் தோல் மீளும் என்றான். அம்மாவுக்கோ கடற்கரைப் புற்றம்மனைத் தவிர வேறு மருத்துவர் கிடையாது.

"ஆத்தா தீக்காத சீக்க உன் டாக்டரு தீத்துடுவாரா?"

"ஆத்தாளுக்கு ஜெலட்டின்னா இன்னான்னு தெரியுமாம்மா?"

"நீ பொறக்கணும்னு அவளாண்டதான்டா வேண்டிக்கினேன். அப்போ உன் ஜெலட்டினு எங்க பூட்ச்சி?"

தேசம் இரண்டானதை அண்மையில்தான் பார்த்திருந்தோம். எங்கள் வீட்டில் நான் இரண்டானேன். வலது கை அண்ணனுக்கு, இடது கை அம்மனுக்கு என்று உடன்படிக்கை ஆயிற்று. அண்ணன் தூரிகையால் வலது கையில் ஐந்தாறு பூச்சுப் பூசினான். அது இறுகி ரப்பரைப் போல ஒட்டிக்கொண்டது. அம்மா இடது கையில் வேப்பெண்ணெயில் குழைத்த மஞ்சளை அப்பி, மேலும் மேலும் அப்பினாள். எந்தக் கையால் சாப்பிடுவது என்று இருவருமே யோசிக்கவில்லை. ஒரு வாரம் அம்மா ஊட்டினாள்.

தையின் அந்த வெள்ளிக்கிழமை, நாகக் கல்லுக்கு உப்பும் மிளகும் போட நானும் அம்மாவும் புறப்பட்டோம். விடிந்தும் விடியாத பனி. கடல் கண்ணுக்குத் தெரியவில்லை, காதுக்கு மட்டும் கேட்டது. துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் பனிக்குள்ளிருந்து நெடுநேரம் ஊளையிட்டது. கோயில் வாசலில் அம்மா சொன்னாள்: "வெறுங்கையாலதான் உப்பு போடணும். அந்தக் கருமத்தைக் கயட்டிட்டு வா." ஏழு நாள் முடிந்திருந்ததால் அண்ணனுக்கும் மறுப்பிராது; கழற்றியதைக் கிழியாமல் கொண்டு வந்தால் டாக்டரிடம் காட்டலாம் என்று அவன் முன்பே சொல்லியிருந்தான்.

வேப்பமரத்தின் பின்னால் நின்று மணிக்கட்டில் விளிம்பைப் பிடித்து இழுத்தேன். மெல்லிய ஓசையுடன், ஐந்து விரல்களோடும் அது முழுதாக உரிந்து வந்தது. அடியில் என் கை குழந்தையின் கன்னம் போலிருந்தது. உரிந்ததைப் பார்க்கத்தான் எனக்குத் துணிவு வரவில்லை. அதில் என் ரேகைகள் இருந்தன, நகக்கண் இருந்தது, உதிர்ந்த செதில்கள் இருந்தன. நான் மட்டும் அதற்குள் இல்லை. கசங்காமலிருக்க ஒரு கிளையில் மாட்டிவிட்டு, புற்றை வலம் வரப் போனேன்.

இரண்டாம் சுற்றில் அலறல் கேட்டது. மீன் கூடையோடு அவ்வழியே வந்த கன்னியம்மா மரத்தடியில் நின்றிருந்தாள்.

"ஐயையோ! ஆத்தா கை தொங்குதும்மா! வெரல ஆட்டி ஆட்டி என்ன கூப்பிட்டுக்கினு கீது!"

கடற்காற்று அதற்குள் புகுந்து விரல்களை உப்ப வைத்திருந்தது. பனியில் கிளை தெரியவில்லை. நடுவானில் ஒரு கை மட்டும் மெல்ல மடங்கி, மெல்ல விரிந்தது. அது என் கை என்று அறிந்த நானே ஓரடி பின்வாங்கினேன். (அறிவு வேறு, கால் வேறு.) கூட்டம் சேர்ந்தது. பூசாரி கற்பூரத்தோடு ஓடி வந்தார். என் அம்மா மண்ணில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து அழுதாள்.

டோல்கேட்டுக்குச் சைக்கிளில் போகும் வழியில் கூட்டத்தைக் கண்டு அண்ணன் இறங்கினான். ஒரே பார்வையில் புரிந்துகொண்டான்.

"யோவ் பூசாரி, நிறுத்துய்யா! இது ஆத்தாளும் இல்ல, கீத்தாளும் இல்ல. என் தங்கச்சி வலது கையில நான் பூசுன மருந்து!"

"வலது கையா?" கன்னியம்மா கூடையை இறக்கி வைத்தாள். "கண்ண நல்லாத் தொறந்து பாரு நைனா. உள்ளங்கை நம்மளப் பாக்குது. கட்டை வெரலு எந்தப் பக்கம் கீது?"

அண்ணன் பார்த்தான். தன் கையை உயர்த்தி அதன் அருகே வைத்துப் பார்த்தான். மறு கையையும் வைத்துப் பார்த்தான். முகம் வெளிறியது. ஐயத்துக்கு இடமின்றி அது இடது கை.

"எடது கை!" அம்மா எழுந்தாள். "அவளுக்குன்னு நான் வுட்ட கை! என் பொண்ணு நோவைத் தன் கையில வாங்கி உரிச்சிப் போட்டுக்கிறாடா!"

எனக்கு மட்டும் விடை தெரியும். மணிக்கட்டிலிருந்து இழுத்ததால் அந்த மருந்துக் கையுறை உட்புறம் வெளிப்புறமாகப் புரண்டு, வலது கை இடது கையாகியிருந்தது. ரவிக்கையை அவசரமாகக் கழற்றும் எந்தப் பெண்ணும் அறிந்த செய்தி. ஒரே ஒரு வாக்கியம் போதும். எழுவாய், பயனிலை எல்லாம் மனத்தில் ஒழுங்காக நின்றன. ஆனால் அம்மாவின் நெற்றியில் மண் ஒட்டியிருந்தது. வாக்கியத்தை விழுங்கிவிட்டேன்.

அதோடு விட்டிருந்தால் நலம். பூசாரி அந்தக் கையைத் தாம்பாளத்தில் கிடத்தி, மஞ்சள் நீரால் அபிஷேகம் செய்து, "நோவு தீர்ந்த பொண்ணு எங்கே? மூணு மடக்கு தீர்த்தம் குடிக்கணும்" என்றார். நீரில் என் செதில்கள் மிதந்தன. அண்ணனைப் பார்த்தேன். தோற்ற சேனாதிபதியைப் போல நின்றவன் என் காதருகே குனிந்தான்.

"குடி. துத்தநாகம் ஒடம்புக்கு ஒண்ணும் பண்ணாது."

குடித்தேன். மூன்று மடக்கும் குடித்தேன்.

ஞாயிறன்று இடது கையின் மஞ்சளைக் கழுவினோம்; அதுவும் வழுவழுவென்று இருந்தது. எண்ணெய்ப் பசை எந்தக் கட்சியிலிருந்து வந்தது என்று தோல் விசாரிப்பதில்லை போலும். டாக்டர் "இரு கைகளும் நலம்" என்று எழுதிக் கொடுத்தார். யாரால் என்று எழுதவில்லை. தேர்வு எழுதினேன். இப்போது ஆனர்ஸ் வகுப்பில் இருக்கிறேன்.

கை பித்தளைப் பேழையில் இருக்கிறது. தை வெள்ளிதோறும் திறக்கிறார்கள். ஆண்டுக்கு ஆண்டு அது சிறுத்து வருகிறது. ஆத்தா குழந்தையாகிக்கொண்டு வருகிறாள் என்கிறார் பூசாரி. நீர் வற்றுகிறது என்கிறான் அண்ணன். இந்தத் தையில் பார்த்தபோது ஐந்து வயதுச் சிறுமியின் கை அளவே இருந்தது. ரேகைகள் என்னுடையவை.

இந்தத் தை வெள்ளியன்று வீடு திரும்பியதும்தான் அண்ணனிடம் உண்மையைச் சொன்னேன். அவன் தன் சட்டைக் கையை உள்ளே புரட்டினான், வெளியே புரட்டினான், மறுபடியும் புரட்டினான்.

"அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். அந்தக் கோயில் காலைக்குப் பிறகு, அண்ணன் எதையேனும் உறுதியாகச் சொல்லத் தொடங்கினால் எங்கள் வீட்டில் எழும் அதே கேள்வியைத்தான் இப்போதும் கேட்டாள்.

"இன்னாடா, வலது கையா, எடது கையா?"

அண்ணன் சட்டையைச் சரியாகப் புரட்டி மாட்டிக்கொண்டு, "எடதும்மா" என்றான்.