கரிப்புழுதி பாட்டுக்கு வந்த மாலைகள்

மில்லர்புரம், தூத்துக்குடி.

அன்பு மாப்பிள்ளை முத்துச்செல்வத்துக்கு, அத்தான் செந்தூர்பாண்டி எழுதுவது. இங்கே நானும் உங்கள் அக்காள் செல்வலட்சுமியும் சௌக்கியம். எட்டயபுரத்தில் நீங்களும் பிள்ளைகளும் நலமாயிருக்கச் செந்தூர் முருகன் துணை. போனில் சொன்னால் ‘வண்டி ஓட்டுதேன் அத்தான்’ என்று பாதியில் வைத்துவிடுவீர்கள், அதனால் கடிதம்.

நாம் ஜெயித்துவிட்டோம் மாப்பிள்ளை. உங்கள் மருமகன், நம் பையன் பேச்சிராஜாவும் மூன்று கூட்டாளிகளும் ‘துருப்பிடித்த நங்கூரம்’ என்று மெட்டல் பேண்டு வைத்திருப்பது தெரியுமல்லவா? துறைமுகத்தில் கண்டெய்னர் இறக்குகிற சத்தத்துக்கு நடுவே ஒருவன் தொண்டை கிழியக் கத்துவான், அதுதான் பாட்டு. இப்போது ‘கரிப்புழுதி’ என்று ஒரு தனிப்பாட்டு வெளியிடுகிறார்கள். அதற்கு அட்டைப்படம் ரசிகர்களே செய்து அனுப்பலாம் என்று போட்டி வைத்தார்கள். கெடு முடியப்போகிறது, ஒரு ஈ காக்கைகூட அனுப்பவில்லை. பையன் சோறு இறங்காமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான். பெற்ற மனசு கேட்குமா? நேரே பிளக்ஸ் கடை அற்புதமணியிடம் போய், கறுப்புத் தளம், நடுவில் மண்டை ஓடு, நாலு பயல்கள் முகம், வெளியாகிற தேதி, அவ்வளவுதான் என்றேன். “கறுப்புன்னா அதுக்குன்னு ஒரு அமைப்பு இருக்கு அண்ணாச்சி, எங்கிட்ட விடுங்க” என்று தன் பங்குக்கு இரண்டு பக்கமும் விளக்கும் மேலே ஒரு வெள்ளைப் புறாவும் வைத்தான். விளக்கு மங்களம்தானே என்று நானும் தலையாட்டினேன். போட்டோ எடுத்து அனுப்பினால் போதும் என்று சொல்லியிருந்தும், அவன் ஆட்கள் வழக்கம்போல் விடியுமுன்னே அதைத் தெருமுனையில் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

காலையில் பக்கத்து வீட்டு ஜெயபாய் பிளக்ஸைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். “ஏளா செல்வலட்சுமி, ஒரே நாள்ல நாலு பிள்ளையளுமா? எந்த ரோட்டுல இப்படி ஆச்சு?” உங்கள் அக்காள் யார், என்ன என்று கேட்காமலே அவளைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அழுகிறவளைத் தனியாக அழவிடக் கூடாதாம். அதற்குள் துறைமுகத்து லாரிக்காரர்கள் மாலையோடு வந்துவிட்டார்கள், ஒருவர் சாமியானாவுக்குச் சொல்லிவிட்டேன் என்கிறார், அந்த நேரம் பார்த்துப் பேச்சிராஜா வாயில் பிரஷ்ஷோடு வெளியே வந்து, “எதுக்கும்மா அழுவுதிய?” என்றான். ஜெயபாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாலை வாங்கிவந்தவர் திருப்பிக் கொண்டுபோக மனமில்லாமல் அதை அவன் கழுத்திலேயே போட்டார்.

நான் அடுக்களைக்குள் ஒளிந்துகொண்டேன். ஆனால் பயல்கள் நாலு பேரும் பிளக்ஸ் முன்னால் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். “உசுரோட இருக்கும்போதே ஊரை அழ வச்சிருக்கு. இதைவிட மெட்டலா எவம்ல செய்வான்?” என்றான் கத்துகிறவன். அதற்கே முதல் பரிசு. வந்தது ஒன்றுதான் என்றாலும் முதல் பரிசு முதல் பரிசுதானே. அன்று பேச்சிராஜா இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்தில்கூட இப்படி ஒரு பெருமை எனக்குக் கிடைத்ததில்லை.

வெளியீட்டு விழாவுக்குக் குடும்பத்தோடு வந்து சேருங்கள். காதுக்குப் பஞ்சு இங்கே வாங்கி வைத்திருக்கிறேன். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

அன்புடன்,
அத்தான் செந்தூர்பாண்டி

பி.கு.: பெற்றவர்களும் உடன்பிறந்தவர்களும் கலந்துகொள்ளக் கூடாது என்று போட்டியில் விதி இருந்தது. அதனால் பிளக்ஸின் அடியில் ‘தாய்மாமன் முத்துச்செல்வம்’ என்று உங்கள் பெயரைப் போடச் சொல்லிவிட்டேன். நேற்று பேச்சிராஜா என்னிடமே சொல்லுகிறான்: “எங்க பாட்டு வெளங்குன ஒரே ஆளு மாமாதான்ப்பா. ஒங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போவுது?” ஆமாம் என்று சொல்லிவிட்டேன். மேடையில் பரிசு கொடுக்கும்போது நீங்களும் ஆமாம் என்று சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.