பிள்ளையார் சாப்பிட்ட புடலங்காய்

எனக்கு எண்பத்துநாலு வயது. ஏழு பெற்று ஏழையும் ஆளாக்கினவள். அந்த ஏழு பேரும் சேர்ந்து தராத தலையிடியைத் தெல்லிப்பழையில் பக்கத்து வளவில் இருந்த குடையர் தனி ஆளாகத் தந்தார். அப்படி ஒரு மனிதரை யாழ்ப்பாணம் முழுக்கத் தேடினாலும் காணமாட்டீர்கள்.

எண்பத்துமூன்றுக் கலவரத்தில் கொழும்பிலிருந்து கப்பலில் வந்து இறங்கினவர். அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்தவர். கையில் ஒரு தகரப் பெட்டி, ஒரு கறுப்புக் குடை. குடை அவருக்கல்ல, கத்தரிக் கன்றுகளுக்கு. உச்சி வெயிலில் தன் மொட்டைத் தலையைக் காயவிட்டுக் கன்றுகளுக்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்பார். நாங்கள் என்றால் பூவரசங்குழையை முறித்துக் கன்றடியில் குத்திவிடுவோம்.

"அண்ணை, குழை குத்தினால் போதாதே?"

"குழை வாடும் பிள்ளை. நான் வாடமாட்டன்."

கந்தோர்ப் புத்தி போகவில்லை. பிந்தி முளைத்த பயற்றங்கன்றைக் குனிந்து பார்த்து, "மற்றவையெல்லாம் திங்கட்கிழமை வந்திட்டினம். நீர் வியாழக்கிழமையோ வாறீர்?" என்று ஏசுவார். அது தலை குனிந்து நிற்கும். முளை அப்படித்தான் நிற்கும் என்று சொன்னால் கேட்கமாட்டார்.

அந்தத் தகரப் பெட்டிக்குள் இருந்தது, செத்துப்போன அவருடைய மனைவி சாம்பலில் பிரட்டி முடிந்து வைத்த புடலை விதை. அவள் கையால் மிஞ்சினது அதுதான். போட்டு முளைக்காவிட்டால் என்ன செய்வது என்று பயம். போடாவிட்டால் உழுத்துப்போகும் என்றும் பயம். கடைசியில் ஏழு வருசம் கழித்து ஒருநாள் எல்லாவற்றையும் சாணித் தண்ணீரில் ஊறவைத்து ஊன்றினார். ஒன்றே ஒன்றுதான் முளைத்தது.

அந்தக் கொடி அவர் கட்டிய பந்தலை மதிக்காமல் வேலி ஏறி வந்து, என் பக்கத்தில் முதல் காயைத் தொங்கவிட்டது. முதல் காய் பிள்ளையாருக்கு என்பது எங்கள் வழக்கம். வேலிக்கு இந்தப் பக்கம் காய்த்ததால் அந்தப் புண்ணியம் எனக்குத்தான் என்று நினைத்து, விடியவே பிடுங்கிக் கோயிலில் கொடுத்துவிட்டேன். அன்றைக்கு அங்கே அன்னதானம்.

"பிள்ளை, என்ரை காயைக் கண்டனியே?"

"ஓம் அண்ணை. பிள்ளையாருக்குக் குடுத்திட்டன்."

"பிள்ளையாரே விதைக்கப் போறார்? அது விதைக்கு விட்டதெல்லே!"

குடையோடு ஓடினார். ஐயரிடம் அகப்பையை வாங்கி, விதை தேடிக் கறிக் கிடாரத்தைக் கிண்டினாராம். மத்தியானம் திரும்பி வந்தபோது வாயில் கறி மணம்.

"சாப்பிட்டனீங்களோ அண்ணை?"

"ரண்டு தரம். என்ரை மனிசி வைச்ச கறி மாதிரியே இருந்தது பிள்ளை." கண் கலங்கியிருந்தது. வெயில் என்றார்.

என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் நாலு சொல் சொல்லி மறந்திருப்பேன்.

பிறகு எத்தனையோ பூ உதிர்ந்து, கொடி வாடத் தொடங்குகிற நேரம் இன்னொரு காய் வந்தது. வளையாமல் இருக்க நுனியில் கல் கட்டிக் காவல் இருந்தார். தொண்ணூறில் சண்டை மூண்டு ஷெல்லும் வந்தது. ஊரே வெளிக்கிட்டது. குடையர் அசையவில்லை.

"காய் இன்னும் பச்சை. நாலு நாள் வேணும்."

பிள்ளைகளைக் கரவெட்டிக்கு அனுப்பிவிட்டு நான் நின்றேன்.

"உனக்கும் விசரே?" என்றார் என் மனுசன்.

"முதல் காயைப் பிடுங்கினது நான்."

அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். மூன்று பேரும் வளவில் வெட்டின பங்கர்க் குழிக்குள். சத்தம் ஓய்ந்தால் குடையர் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "நுனி மஞ்சளிச்சிட்டுது" என்பார். மூன்றாம் நாள் கிணற்றடியில் ஷெல் விழுந்தது. என் மனுசன் கத்தியை எடுத்துப்போய்க் காயைக் காம்போடு அறுத்து வந்து அவர் மடியில் போட்டு, "இனி நடவுங்கோ!" என்றார்.

சனமெல்லாம் பெட்டி படுக்கை தூக்கிப் போன வீதியில் இவர் புடலங்காயைக் குழந்தைபோல் தூக்கிக்கொண்டு போனார். "கறிக்கோ அப்பு?" என்று கேட்டவனுக்கு விழுந்த பேச்சை இங்கே எழுத முடியாது.

நாங்கள் அகதியாகத் தங்கின கரவெட்டிப் பள்ளிக்கூடத்து யன்னலில் தொங்கியபடியே காய் சிவந்தது. பிளந்து, விதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, இரண்டு முடிச்சாகக் கட்டினார். ஒன்றை என் கையில் வைத்தார்.

"எனக்கேன் அண்ணை?"

"என்னட்டை இருக்கிறது அழிஞ்சால் உன்னட்டைத்தானே வரவேணும்."

அடுத்த கிழமை வன்னியில் இருந்த மகளிடம் போனார். பிறகு ஒரு சேதியும் இல்லை. இருந்தால் நூறு தாண்டியிருக்கும். இருப்பார், பிடிவாதக்காரர். கரவெட்டியில் என் வளவில் அவருடைய புடலை வருடா வருடம் காய்க்கிறது.

அண்ணை, உங்களுடையது அழிந்துபோயிருந்தால் வாங்கோ. அழியாவிட்டாலும் வாங்கோ.

அபி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதை உன் அம்மம்மாவுக்கு ஒருக்கா வாசி அம்மா. அந்தக் கடைசி வரியை மட்டும் கொஞ்சம் உரத்து வாசி.