விளம்பரத்தைத் திருப்பிக் கொடு, மச்சான்

பூலாம்பாடி
தை மாதக் கடைசி

மச்சான் பழனிவேலுக்கு, மாமா கருப்பண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அக்கா ஆண்டாயி, மாடு, கன்று எல்லாரும் சுகம். மீன்சுருட்டியில் நீயும் தேவயானியும் சுகமாயிருக்க மதுரகாளி துணை நிற்பாள். போனிலேயே சொல்லலாம்தான். உன் அக்கா காதில் விழும் என்பதால் கடிதம்.

பொங்கல் சீர் கொண்டுவந்தாய். கரும்பு, வெல்லம், வேட்டி, சேலை, ஒரு குறையுமில்லை. அதோடு விட்டிருக்கலாம். "மாமா, வீடியோவுக்கு முன்னாடி விளம்பரம் வந்து உசுர வாங்குதா? இனிமே வராதுங்க" என்று என் போனில் என்னவோ ஒன்றைப் போட்டுவிட்டுப் போனாய். அன்றிலிருந்து ஒரு விளம்பரம்கூட வரவில்லை. வேறு யாராயிருந்தாலும் உன்னைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். என்னால் முடியவில்லை.

விஷயம் என் மகள் வெற்றிச்செல்விதான். நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்று அவளைத் திருமழபாடிக்குக் கூட்டிப்போனவன் நான். என்னிடம் சொல்லாமலே சென்னையில் பண்ணிக்கொள்ளும் அளவுக்கு முந்தும் என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. பேச்சை விட்டேன். விட்டது விட்டதுதான். அவள் கட்டிக்கொண்ட பையன் விளம்பரம் எடுக்கிறவன். போன வருஷம் ஏதோ குழம்புப்பொடிக்கு அவளையே நடிக்க வைத்துவிட்டான். ஒரு பெரியவர் இலையில் குழம்பை ஊற்றி, "அப்பா, இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்கிறாள். ஒரே வாயில் "போதும்மா" என்கிறான் அந்த ஆள். சோறு பிசையத் தெரியாதவனெல்லாம் அவளுக்கு அப்பன்!

நான் அதைப் பார்ப்பதில்லை. உன் அக்காவுக்காகச் சொல்கிறேன், பெத்த வயிறு. மக்காச்சோளப் படைப்புழு வீடியோவுக்கு முன்னால்தான் அது அடிக்கடி வரும், அதனால் அதையே போட்டு அவள் கண்ணில் படும்படி வைப்பேன். "சோளத்த அறுத்து வித்தாச்சு, இன்னும் என்னங்க புழு?" என்பாள். உனக்காகத்தாண்டி என்று சொல்லவா முடியும்? இப்போது தட்டினால் நேராகப் புழு வந்து நிற்கிறது. சரி, டீக்கடையில பெரியசாமி போன்லயாவது பாப்போம்னு போனா, அவன் அஞ்சு நொடியில தள்ளி வுட்டுடறான். அவ ஆறாவது நொடியிலதான் வரா மச்சான்! கையப் புடிச்சேன். "விளம்பரத்துக்குப் போயி சண்டைக்கு வர்றியே, உனக்கு அந்தக் கம்பெனியில பங்காய்யா?"ங்கறான். அவகிட்ட பேசாம இருக்க நான் ஒருத்தன் போதாதா? ஊரே அவ வாயத் தொறக்கறதுக்குள்ள தள்ளி வுடணுமா மச்சான்?

ஆகவே, அக்காவின் மனசுக்காக, ஒரு நடை வந்து அதை எடுத்துவிட்டுப் போ. தேவயானிக்கு என் ஆசி. இந்த வருஷம் உங்கள் முந்திரி பூ உதிராமல் காய்க்கட்டும்.

இப்படிக்கு,
மாமா கருப்பண்ணன்

பின்குறிப்பு: தம்பி, அக்கா எழுதறேன். மாமா சட்டைய ஊறவைக்கறப்ப பாக்கெட்டுல இது இருந்துச்சு. எனக்கு எதுக்குப்பா விளம்பரம்? மாட்டுக்கொட்டாயில நின்னு வெற்றிகிட்ட தெனமும் வீடியோ கால்ல பேசிக்கிட்டுதான இருக்கேன். நீ வந்து எதையும் எடுத்துடாத. அதப் போடச் சொன்னதே நான்தான்னு அவருகிட்ட மூச்சு வுடாத. விளம்பரம் வந்தா மனுசன் அதுலயே பாத்துக்கிட்டு உக்காந்துடுவாரு. நேத்து சோத்தப் பிசைஞ்சுக்கிட்டே, பெரம்பலூர்லேருந்து மெட்ராசுக்கு எத்தன மணிக்கு பஸ்ஸுன்னு கேட்டாரு.